வருகை நேரம்

அது ஆடும் அண்ணாச்சி, அதுல உக்காராதீய. இன்னா, இதுல உக்காருங்க. அஞ்சாறு வாட்டி வந்து போனதுல இந்த ஆஸ்பத்திரியில எந்த நாற்காலி ஆடும், எந்த ஃபேன் சுத்தாதுன்னு எனக்குப் பாடமாயிட்டு. உங்களுக்கு எத்தனையாம் நம்பர் டோக்கன்? முப்பத்தொண்ணா? அப்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. இந்த டாக்டரம்மா ஒரு ஆளுக்கு ஒம்பது நிமிசம் எடுக்காவ. நான் கணக்குப் பாத்துட்டேன். ஆனா இப்ப உள்ள இருக்க ஆளுக்கு மட்டும் இருபத்திரெண்டு நிமிசம் ஆச்சு. உங்களுக்கு லேட்டாகுதுன்னா கோவிச்சுக்கிடக் கூடாது. உள்ள இருக்கது எங்க வீட்டுப் பொம்பளைதான்.

நீங்களும் வீட்டம்மாவைத்தான் கூட்டிட்டு வந்தீயளா? ரத்தம் குடுக்கப் போயிருக்காவளா? சரி, சரி. வரட்டும், மெதுவா வரட்டும்.

எம்பேரு ஆவுடையப்பன். டி.கே. ஆவுடையப்பன்னு கேட்டா நம்ம பஸ் ஸ்டாண்டுல இன்னைக்கும் சொல்லுவாவ. டைம் கீப்பர். முப்பத்தொரு வருசம். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ள வந்துது, எத்தனை மணிக்கு வெளிய போச்சுன்னு எழுதுத சோலி. டிரைவர்மாரு எல்லாம் எமனுக்குப் பயப்பட மாட்டானுவ, எனக்குப் பயப்படுவானுவ. ரெண்டு நிமிசம் லேட்டுன்னாலும் எழுதிருவேன். "அண்ணாச்சி, வழியில மாடு குறுக்க வந்துட்டு"ம்பான். மாட்டுக்கு ஷீட்டுல எடம் கிடையாது, நேரத்துக்குத்தான் எடம்னு சொல்லிருவேன்.

நானும் இம்புட்டு நேரம் உள்ளதான் இருந்தேன். டாக்டரம்மாதான், "ஐயா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க"ன்னுட்டாவ. சின்னப் பொண்ணு, எம் மக வயசு கூட இருக்காது. எம் மக சங்கரி கூட உள்ளதான் இருக்கா. மதுரையில இருந்து காலையில வந்தா. அவளும், "அப்பா, நீங்க வெளிய இருங்க"ன்னுட்டா. அவுக சொன்னது கூட எனக்கு வருத்தமில்ல, இவ சொன்னதுதான்.

நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. முத வாட்டி வந்தப்ப டாக்டரம்மா என்கிட்ட கேக்காவ, "வீட்டுல இவங்களுக்கு மனசுக்குக் கஷ்டமா ஏதாவது இருக்கா? சண்டை, சச்சரவு?" நான் நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன். ஏழு வருசமா எங்க வீட்டுல சண்டை கிடையாது. ஒரு வார்த்தை ஏசினது கிடையாது. கை நீட்டினது அதுக்கு முன்னாலயும் கிடையாது. குடி, சீட்டு, ஊர் மேயுதது எதுவும் கிடையாது. தெருவுல போய்க் கேளுங்க, அந்த வீடு எம்புட்டு அமைதின்னு சொல்லுவாவ. எதிர்த்த வீட்டு டீச்சரே சொல்லுவா, உங்க வீட்டுல ஆள் இருக்கா இல்லையான்னே தெரியலை அண்ணாச்சின்னு.

ஏசினது மட்டுமில்ல, பேசினதும் கிடையாது. அதைத்தான் இந்த டாக்டரம்மா பிடிச்சுக்கிட்டாவ. பேசினாத்தானே சண்டை வரும்? மௌனம் கலக நாஸ்தின்னு பெரியவங்க சும்மாவா சொல்லி வச்சாவ?

பேசலைன்னா அப்படியே விட்டுட்டேன்னு அர்த்தமில்ல, பாத்துக்கிடுங்க. எழுதி வச்சிருவேன். தினசரி காலண்டர் தாளை காலையில கிழிப்போம் இல்லியா, அதுக்குப் பொறத்தால வெள்ளையா இருக்கும். அதுல எழுதி அஞ்சறைப் பெட்டிக்குக் கீழ வச்சிருவேன். "இன்று மதியம் 1.15 சாப்பாடு." "வெள்ளிக்கிழமை சவரம், வெந்நீர் 6.40." அவ்வளவுதான். எழுதினபடி நடந்துரும். ஏழு வருசத்துல ஒரு நாள் தப்பினது இல்ல. அவளும் திருப்பி ஒண்ணும் கேக்க மாட்டா. தட்டுல சோறு இருக்கும், சொம்புல தண்ணி இருக்கும். அவ அடுப்படியில இருப்பா, நான் முன்னறையில இருப்பேன். இதுல அவளுக்கு என்ன வெசனம் வந்துரும்? சொல்லுங்க.

ஏன் பேசலையா? அதைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். காரணமில்லாம பேச்சை நிறுத்த நான் என்ன கோட்டிக்காரனா?

நான் ரிட்டயர் ஆன நாள். மே முப்பத்தொண்ணு. டைம் ஆபீசுக்குப் பொறத்தால சாமியானா போட்டிருந்தாவ. நாலு மணிக்கு விழா. கிளை மேலாளர் வந்து, ரிட்டயர் ஆகுத ஆளுக்கும் வீட்டம்மாவுக்கும் ஜோடியா மாலை போடுவாவ, அது எங்க டிப்போ வழக்கம். மேடையில ரெண்டு நாற்காலி, சிவப்புத் துண்டு விரிச்சு. அவ அன்னைக்குக் காலையில அம்பாசமுத்திரத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. தங்கச்சி பட்டுச்சேலை ஒண்ணு தாரேன்னு சொன்னாளாம், கட்டிக்கிட்டு அங்க இருந்து நேரா வந்துருதேன்னா. போ, ஆனா இந்த வண்டியில ஏறுன்னு நாந்தான் எழுதிக் குடுத்தேன். அந்த வண்டி இங்க மூணு நாப்பத்திரெண்டுக்கு உள்ள வரணும்.

மூணு நாப்பத்திரெண்டுக்கு உள்ள வந்துது அண்ணாச்சி. ஒரு நிமிசம் முன்னப் பின்ன இல்ல. என் சர்வீசுல நான் கையால எழுதின கடைசி வருகை அந்த வண்டிதான். எழுதி, கோடு போட்டு, கையெழுத்தும் போட்டேன். அதுக்குள்ள பயலுவ வந்து என்னைத் தூக்காத குறையா சாமியானாவுக்கு இழுத்துட்டுப் போயிட்டானுவ.

நாலு மணி. அவ வரலை. நாலு பத்து. வரலை. மேலாளருக்கு வேற எங்கயோ போகணும், கடியாரத்தைப் பாக்காரு. என்னைப் பாத்து ஒருத்தன், "டி.கே. வீட்டுலயே வண்டி லேட்டு"ங்கான். எல்லாரும் சிரிக்கானுவ. சிரிக்க மாட்டானுவளா? முப்பத்தொரு வருசம் அவனுவளை எழுதினவன் இல்ல நான்? எனக்கு மட்டும் மாலையைப் போட்டு, சால்வையைப் போத்தி, போட்டோ எடுத்து முடிச்சிட்டாவ. ஆல்பம் வீட்டுல இருக்கு. எல்லாப் போட்டோவுலயும் என் பக்கத்துல காலி நாற்காலி, சிவப்புத் துண்டோட.

நாலு இருவத்தஞ்சுக்கு வாரா. பிளாட்பாரத்துல இருந்து சாமியானாவுக்கு அறுபது எட்டு கூட கிடையாது. நாப்பத்திமூணு நிமிசம்! முகத்தைக் கழுவி, தலையெல்லாம் ஈரமா, பட்டுச்சேலை கசங்கி வந்து நிக்கா. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. வண்டி லேட்டுன்னா நான் மன்னிச்சிருப்பேன். வண்டி லேட்டு இல்லியே, எங்கையால எழுதியிருக்கேனே. அப்ப எறங்கி எங்கயோ யாருகிட்டயோ நின்னு பேசிட்டு சாவகாசமா வந்திருக்கா. இவனுக்கு ஒரு நாள் விழா, அதுக்கு எதுக்கு ஓடிக்கிட்டுன்னு நினைச்சிருக்கா. அப்படித்தானே அர்த்தம்?

வீட்டுக்கு வந்ததும், "நான் என்ன சொல்ல வந்தேன்னா"ன்னு ஆரம்பிச்சா. கையைக் காட்டி நிறுத்திட்டேன். மறுநாளும் ஆரம்பிச்சா. எந்திரிச்சுப் போயிட்டேன். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு வாட்டி. அன்னைக்குத்தான் காலண்டர் தாளுல முத முதலா எழுதினேன், "பேச ஒன்றும் இல்லை"ன்னு. அதுக்குப் பொறவு அவளும் ஆரம்பிக்கலை. ரெக்கார்டு கையில இருக்கையில விசாரணை எதுக்கு அண்ணாச்சி? கேட்டா ஏதாவது மாடு குறுக்க வந்த கதைதான் வரும்.

ஆரம்பத்துல ஒரு மாசம் அப்படி இருக்கணும்னுதான் நினைச்சேன். ஆனா ஒரு மாசம் கழிச்சு யாரு முதல்ல பேச? நானா? அப்படியே போச்சு. சவத்தை, வருசம் போறது தெரியவா செய்யுது.

போன மாசம்தான் இந்தக் கூத்து. காலையில கோலம் போட்டுட்டு எந்திரிச்சவ அப்படியே வாசல்ல உக்காந்துட்டா. மூச்சு வாங்குது, தாடை வலிக்குன்னாளாம். எதிர்த்த வீட்டு டீச்சர்தான் ஆட்டோ பிடிச்சு இங்க கூட்டிட்டு வந்தா. நான் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தா கோலப்பொடி டப்பா நடைவாசல்ல கெடக்கு, ஆளைக் காணோம். டீச்சர் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். நெஞ்சுவலின்னா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுவாவன்னுதான் நான் நினைச்சிருந்தேன். டாக்டரம்மா சொன்னாவ, பொம்பளைகளுக்கு அப்படியே வரணும்னு இல்ல, தாடை வலிக்கும், முதுகு வலிக்கும், அசதியா வரும், அவங்களே வாய்வுன்னு சொல்லிட்டு வேலையைப் பாப்பாங்கன்னு.

குழாய் விட்டுப் பாத்தாவ. பெரிய அடைப்பு ஒண்ணும் இல்ல. ஆனா நெஞ்சு தாளம் தப்பித் தப்பி அடிக்குது, பிரஷரும் ஏறி ஏறி எறங்குதுன்னாவ. அதுக்குத்தான் ஒரு சின்னப் பெட்டி மாட்டி விட்டாவ. நெஞ்சுல அஞ்சாறு ஒயரை ஒட்டி, இடுப்புல பெட்டி. இருபத்திநாலு மணி நேரம் அதோட இருக்கணும். நர்ஸ் ஒரு தாளைக் குடுத்து, "அம்மா, எப்ப நடந்தீங்க, எப்ப சாப்பிட்டீங்க, எப்ப படபடன்னு வந்துச்சு, எல்லாம் நேரம் போட்டு எழுதணும்"னா. இவளுக்குக் கண்ணுல புரை, நான் கொட்டை எழுத்துல எழுதி வைக்கதைத்தான் படிப்பா. "பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாதும்மா"ங்கா.

நான் கையை நீட்டினேன். குடும்மா இங்கன்னு வாங்கிட்டேன். நேரம் எழுதுததுக்கு இந்த ஜில்லாவுல என்னை விட்டா ஆள் யாரு? தாளுல கோடு போட்டு, வருகை, புறப்பாடு, குறிப்புன்னு பத்தி பிரிச்சேன். அவ அடுப்படிக்குப் போனா எழுதுதேன், துணி காயப் போட்டா எழுதுதேன், மாடிப்படி ஏறினா எத்தனை படின்னு எழுதுதேன். நான் வெளிய போனா அதையும் எழுதினேன். கைப்பழக்கம். வண்டி ஸ்டாண்டை விட்டுப் போனா எழுதணும், வந்தா எழுதணும். அவளுக்குன்னு நான் ஒரு நாள் பூரா எழுதினது அன்னைக்குத்தான். எனக்கே ஒரு சந்தோசமா இருந்துது, அதையும் சொல்லணும்.

மறுநாள் பெட்டியைக் கழட்டிக் குடுத்தோம். ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிட்டாவ. டாக்டரம்மா தாளைப் பாத்துட்டு, "ஐயா, இவ்வளவு சுத்தமா யாருமே எழுதிக் குடுத்தது இல்ல"ன்னாவ. எனக்கு எப்படி இருந்திருக்கும்? முப்பத்தொரு வருசத்துல எந்த மேலாளரும் சொல்லாத வார்த்தை. பொறவு கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்த படத்தையும் எந் தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சிக்கிட்டாவ.

"படி ஏறினப்ப ஒண்ணும் இல்ல. தண்ணிக் குடம் தூக்கினப்பவும் பரவாயில்ல. ஆனா நாலு நேரத்துல மட்டும் எகிறுது. மதியம் பன்னெண்டு இருபது. சாயங்காலம் அஞ்சு அஞ்சு. ராத்திரி ஏழு அம்பது. காலையில ஆறு முப்பத்தஞ்சு. ஐயா, இந்த நேரத்துல வீட்டுல என்ன நடந்தது?"

எனக்குப் பாக்கணும்னே இல்ல, மனப்பாடம். "நான் வந்தேன்"னேன்.

"நாலு தடவையுமா?"

"நாலு தடவையும்தான். வருகைன்னு எழுதியிருக்கேன் பாருங்க. முதல்ல தபாலாபீசு, அப்புறம் லைப்ரரி, அப்புறம் கோயில், காலையில நடை."

அந்தப் பொண்ணு என்னைப் பாத்துது. பொறவு மெதுவா, "நீங்க எழுதாத நேரமெல்லாம் நல்லா இருக்கு ஐயா"ன்னுது. நான் வீட்டுல இல்லாத நேரத்துல நான் எப்படி எழுத? அதெல்லாம் வெத்தா விட்டிருந்தேன். அந்த வெத்து எடத்துலதான் நெஞ்சு ஒழுங்கா அடிச்சிருக்காம்.

"இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். பிரஷர் இருக்கு, வயசு இருக்கு. மாத்திரை தாரேன். ஆனா வீட்டுல மனசு இறுகிக் கெடந்தா நெஞ்சும் அதைத் தாங்கும், எத்தனை வருசம் தாங்கும்னு சொல்ல முடியாது"ன்னாவ.

எனக்கு ராத்திரி பூரா யோசனைதான். யோசிச்சேன், கண்டுபிடிச்சிட்டேன். எங்க வீட்டு இரும்புக் கேட். கீல் துருப்பிடிச்சு, திறந்தா தெருமுனை வரைக்கும் கிரீச்சுன்னு கேக்கும். திடீர்னு அந்தச் சத்தம் கேட்டா யாருக்குத்தான் நெஞ்சு எகிறாது? அட, இம்புட்டுதானான்னு ஆயிட்டு. மறுநாளே தையல் மிஷின் எண்ணெய் வாங்கி கீலுக்கு விட்டேன், கொண்டிக்கு விட்டேன். தோல் செருப்பைத் தூக்கிப் போட்டுட்டு ரப்பர் செருப்பு மாத்தினேன். வாசல்ல வந்து ஒரு வாட்டி செருமுவேன், அதையும் விட்டேன். அவளுக்காகத்தான் அண்ணாச்சி. அறுபத்தஞ்சு வயசுல ஒருத்தன் பூனை மாதிரி வீட்டுக்குள்ள வரப் படிச்சான்னா, யாருக்காக?

ரெண்டு வாட்டி அவ கையில இருந்த பாத்திரத்தைக் கீழ போட்டா. திரும்பிப் பாத்தவ, நான் பொறத்தால நிக்கவும் போட்டுட்டா. வயசாகுது, கைப்பிடி குறைஞ்சு போச்சுன்னு நினைச்சேன். அதைக் கூட குறிப்புல எழுதியிருக்கேன்.

போன வாரம் மறுபடியும் பெட்டி மாட்டினாவ. மறுபடியும் நாந்தான் எழுதினேன். இன்னைக்கு அதுக்கு ரிசல்ட். நல்ல சேதி வரும்னு மகளை மதுரையில இருந்து வரச் சொன்னதே நான்தான், பாத்துக்கிடுங்க. வார வழியில அரைக் கிலோ அல்வா கூட வாங்கியாச்சு. இன்னா, இந்தப் பையிலதான் இருக்கு.

டாக்டரம்மா படத்தை விரிச்சாவ. "முன்னால நாலு தடவை ஐயா. இப்ப நாள் பூராவும்"ங்காவ. தூக்கத்துல கூட எறங்கலையாம்.

அது எப்படின்னு கேட்டேன். கேட்டுக்கு எண்ணெய் விட்டாச்சே, இப்ப சத்தமே கிடையாதேன்னு.

அப்பதான் அவ பேசினா. என்கிட்ட இல்ல, டாக்டரம்மாகிட்ட. "சத்தம் இருந்தா அவுக வாராவன்னு தெரியும்மா. அது கேக்க வரைக்கும் நான் என் சோலியைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருப்பேன். இப்ப எப்ப வந்து பொறத்தால நிப்பாவன்னு தெரியலை. காது பூரா வாசல்லயே கெடக்கு."

நான் வீட்டுல இருக்கையில அவ யார்கிட்டயும் வாய் விட்டுப் பேசுதது கிடையாது. அந்தக் குரல்ல சேந்தாப்புல நாலு வார்த்தையை ரெண்டு முழ தூரத்துல உக்காந்து கேட்டு எம்புட்டு நாளாச்சோ. முன்ன இருந்த குரல் இல்ல. கொஞ்சம் கம்மிப் போயிருக்கு.

டாக்டரம்மா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "இந்த மாதிரி மூச்சு வாங்கினது, தாடை வலிச்சது, முத முதலா எப்பம்மா?"ன்னு கேட்டாவ. வருசம் சொல்ல முடியாம முழிப்பான்னு நினைச்சேன். கணீர்னு சொல்லுதா. "ஏழு வருசம் ஆச்சு. மே முப்பத்தொண்ணு."

நான் ரிட்டயர் ஆன அதே நாள், அண்ணாச்சி.

"அம்பாசமுத்திரம் வண்டியை விட்டு எறங்கினேன். எறங்கினதும் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது. தாடையில இருந்து கை வரைக்கும் வலி, உடம்பெல்லாம் வேர்வை. மூணாம் நம்பர் பிளாட்பாரத்துல ஒரு பெஞ்சு இருக்கும், அதுல உக்காந்தேன். பூக்காரி ஒருத்தி சோடா வாங்கிக் குடுத்து, தலையில தண்ணி தெளிச்சு, முகத்தைக் கழுவி விட்டா. நேரமாகுதே, அவுக காத்திருப்பாவளே, மாலை போடுவாவளேன்னு எந்திரிக்கேன், முடியலை. உக்காருதேன். மறுபடியும் எந்திரிக்கேன். நாலஞ்சு வாட்டி எந்திரிச்சு உக்காந்தேன்மா."

மூணாம் நம்பர் பிளாட்பாரம் பெஞ்சு. அண்ணாச்சி, எங்க டைம் ஆபீஸ் ஜன்னலைத் திறந்தா முதல்ல தெரியுதது அந்த பெஞ்சுதான். முப்பத்தொரு வருசமா நான் பாத்த பெஞ்சு. அன்னைக்கு மட்டும் நான் அந்தப் பக்கம் சாமியானாவுல உக்காந்திருக்கேன், சிவப்புத் துண்டுல.

"அப்பவே பாத்திருக்கணும்மா. யார்கிட்டயும் சொல்லலையா?"ன்னு டாக்டரம்மா கேட்டாவ. அவ என்னைப் பாக்கலை. சங்கரிதான் பாத்தா. பெத்த மக அப்படிப் பாத்து நான் பாத்தது இல்ல. "அப்பா, அம்மா உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"ன்னு கேட்டா.

சொல்லலைன்னேன். சொல்லலைதானே? மூணு வாட்டி ஆரம்பிச்சா, சரி. நாலாவது வாட்டி ஆரம்பிக்கக் கூடாதா? ஒரு தாளுல யார்கிட்டயாவது எழுதி வாங்கி வச்சிருக்கக் கூடாதா? "நெஞ்சு வலி, 3.42 முதல் 4.25 வரை"ன்னு நாலு வார்த்தை. நான் படிக்காமலா போயிருப்பேன்? நீங்க ஏன் தலையைக் குனியுதீய? தப்பா ஏதும் சொல்லிட்டேனா?

அப்பதான், ஐயா கொஞ்சம் வெளிய இருங்கன்னாவ. சங்கரி, ரெண்டு மாசம் அம்மா எங்கிட்ட மதுரையில இருக்கட்டும்ங்கா. ரெண்டு மாசம்னு வாய்தான் சொல்லுது. துணிப்பை ரெண்டு அவ கார்லயே இருக்கு, நான் பாத்தேன். டாக்டரம்மா, "நீங்க யாரும் முடிவு பண்ண வேண்டாம், எங்க இருக்கணும்னு அவங்களே சொல்லட்டும்"ன்னாவ. அதைக் கேக்கத்தான் என்னை வெளிய அனுப்பினது. நான் இருந்தா அவ சொல்ல மாட்டாளாம்.

இப்ப உள்ள அதைத்தான் சொல்லிக்கிட்டிருப்பா. என்ன சொல்லுதாளோ.

சமைக்க ஆளில்லாம கஷ்டப்படுவேன்னு நினைக்காதீய. ஓட்டல் இருக்கு. அது இல்ல. சாயங்காலம் கோயில்ல இருந்து வந்து கேட்டைத் திறப்பேன். உள்ள அடுப்படியில லைட்டு எரியும். அந்த லைட்டைப் பாத்துட்டுத்தான் செருப்பைக் கழட்டுவேன். அது இல்லைன்னா நான் வந்ததும் போனதும் யாருக்குத் தெரியும்? காலண்டர் தாளைக் கிழிச்சு யாருக்கு எழுதி வைக்க?

பேசலையே தவிர, அவ இல்லாம நான் ஒரு நாள் இருந்தது கிடையாது அண்ணாச்சி.

ஒரு உபகாரம் செய்யுதீயளா? உங்களைப் பாத்தா நல்ல மனுசராத் தெரியுது, அதான் இம்புட்டும் சொன்னேன். அவ வெளிய வந்ததும் நீங்க எந்திரிச்சுப் போய், "அம்மா, அன்னைக்கு ரொம்ப வலிச்சுதா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேக்கச் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். நீங்களா கேக்குத மாதிரி கேளுங்க. நான் இங்க உக்காந்து அவ என்ன சொல்லுதான்னு கேட்டுக்கிடுதேன். என்ன அப்படிப் பாக்கீய? நானா? நான் எப்படிக் கேக்க? எந்த வார்த்தையில ஆரம்பிக்க? அவளை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவேன்னே எனக்கு வாயில வர மாட்டேங்குது. வடிவுன்னு கூப்பிடுவேன். ஆமா, வடிவு. வடிவம்மாள்னு டோக்கன்ல போட்டிருக்கு பாருங்க.

இன்னா, கதவு திறக்கு.

முன்னால வாரது எம் மக. பொறத்தால நீலச்சேலை, அவதான். அண்ணாச்சி, அவ சிரிக்கா. அங்க பாருங்க, சங்கரி அம்மா காதுல என்னமோ சொல்லுதா, இவ முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. இப்படிச் சிரிப்பான்னு எனக்கு மறந்தே போச்சு. கடைசியா எப்ப பாத்தேன்? எது கேட்டாலும் நேரம் சொல்லுவேன், இதுக்குச் சொல்லத் தெரியலையே.

இன்னும் என்னைப் பாக்கலை.

வேண்டாம், போகாதீய. ஒண்ணும் கேக்க வேண்டாம். இப்ப என்னைப் பாத்தாள்னா அந்தச் சிரிப்பு நின்னு போகும், கை நெஞ்சுக்குப் போயிரும். நான் ஏழு வருசமா அதைப் பாத்திருக்கேன் அண்ணாச்சி. தோள்ல முந்தானையைச் சரி பண்ணுதான்னு நினைச்சிருந்தேன்.

கொஞ்சம் எந்திரிங்க. இப்படி எனக்கு முன்னால வந்து மறைச்சு நில்லுங்க. இன்னும் கொஞ்சம் இடப்பக்கமா. போதும், போதும். வாசலுக்கு இருபது எட்டுதான். அதுவரைக்கும் என்னைப் பாக்காம போயிரட்டும். சங்கரி தேடினா போன் போடுவா, நான் எடுக்கலைன்னா போயிருவாவ. அல்வாவை நீங்க கொண்டு போய் உங்க வீட்டம்மாகிட்ட குடுங்க.

போறாளா? இன்னும் சிரிச்சுக்கிட்டுத்தான் போறாளா? படியில பாத்து எறங்கச் சொல்லணும், மூணாவது படி உடைஞ்சிருக்கு. சரி, மக பிடிச்சுக்கிடுவா.

தாண்டிட்டாளா?

மணி என்னன்னு அந்தக் கடியாரத்தைப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை.